பத்தாண்டுகள் திறக்கப்படாத நிலையம்

செங்காங்கில் குப்பாங் என்று ஓர் எல்ஆர்டி நிலையம் இருக்கிறது. செங்காங் எல்ஆர்டியின் மேற்கு வட்டப் பாதை 2005ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திறக்கப்பட்டபோதே அந்த நிலையமும் கட்டப்பட்டுவிட்டது. தூண்கள் நின்றன, நடைமேடை இருந்தது, கூரையும் இருந்தது. ரயில் மட்டும் அங்கு நிற்காது. சுற்றிலும் புல்லும் புதரும்தான். இறங்குவதற்கு ஆளில்லாத இடத்தில் ரயில் ஏன் நிற்க வேண்டும்? குப்பாங் நிலையம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது 2015ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி. கணக்கிட்டுப் பாருங்கள், பத்து ஆண்டுகளுக்கும் மேல்.

அதற்கு அடுத்த நிலையத்தில்தான் எங்கள் வீடு. அந்த நிலையத்தின் பெயரைக் கேட்டால் நம்மவர் காதில் 'தங்கம்' என்றே விழும். 2004ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் ஃபெர்ன்வேல் வட்டாரத்துக்குக் குடிவந்தோம். வேலைக்குச் செல்லும்போதெல்லாம் குப்பாங்கைக் கடந்துதான் செங்காங் எம்ஆர்டி நிலையத்தை அடைவேன். அந்த வெறும் நடைமேடையைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். "யாருக்காகக் கட்டினார்கள் இதை? எவ்வளவு பணம் வீண்!" என்று நண்பர்களிடம் கேலி பேசியிருக்கிறேன். இளமையில் கேலி பேசுவது எளிது.

பக்கத்திலிருக்கும் செங் லிம் நிலையமும் அப்படியே பூட்டிக் கிடந்து, 2013ஆம் ஆண்டின் முதல் நாள்தான் திறக்கப்பட்டது. 2018இல் அதன் அருகே செங்காங் பொது மருத்துவமனை வந்தது. இன்று காலையில் அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களைப் பாருங்கள். தாதியர், முதியவர்கள், கையில் பரிசோதனைச் சீட்டுடன் பிள்ளைகள். இவர்களுக்காக ஒரு நடைமேடை பல ஆண்டுகள் முன்னதாகவே வந்து காத்திருந்தது. நான் அதைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

நம் பேரவையின் ஆண்டிதழில் எழுதுமாறு தம்பி தங்கைகள் கேட்டபோது, வேலை, கைத்திறன், பணம் ஆகிய மூன்றையும் பற்றி எனக்குத் தாமதமாகப் புரிந்த ஒன்றை எழுதலாம் என்று நினைத்தேன். நீண்டகால நோக்கு வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொறுமையாக இருந்தால் போதும் என்றே பலரும் அதைப் புரிந்துகொள்கிறோம். என் கருத்து சற்று வேறு. காலம் சிலவற்றை வளர்க்கிறது, சிலவற்றைத் தேய்க்கிறது. எது வளரும், எது தேயும் என்று தெரிந்துகொண்டு, வளரும் பக்கத்தில் நம் உழைப்பையும் காசையும் வைப்பதுதான் நீண்டகால நோக்கு. தெரியாமல் காத்திருப்பது வெறும் சோம்பல்.

நான் பட்டம் பெற்றது 2003ஆம் ஆண்டு. சார்ஸ் நோய் நம் தீவை உலுக்கிய ஆண்டு அது. அதே ஆண்டு ஜூன் 20ஆம் தேதி வடகிழக்கு எம்ஆர்டி பாதை திறக்கப்பட்டது. செங்காங்கிலிருந்து ஒரே ரயிலில் தேக்காவுக்குப் போகலாம் என்று ஊரே மகிழ்ந்தது. இயந்திரப் பொறியியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பிறகு கிடைத்தது. கிடைத்ததும் விட்டேன். ஐந்து ஆண்டுகளில் நான்கு வேலைகள்! முதலில் தற்காலிக ஆசிரியர், பின்னர் காப்புறுதி முகவர், அதன்பின் இயந்திர விற்பனை, பிறகு ஓர் அலுவலகத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு முறையும் சம்பளம் இருநூறு, முந்நூறு வெள்ளி கூடியது. நான் முன்னேறிக்கொண்டிருப்பதாகவே நம்பினேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பதினெட்டு வயதில் உதவியாளாகச் சேர்ந்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, கடைசியில் மற்றவர்களின் வேலையைச் சரிபார்ப்பவராக ஓய்வு பெற்றார். ஒருநாள் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தம் தொழிலைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். கனமான இரும்புத் தகடுகளையோ குழாய்களையோ இணைக்கும்போது ஒட்டை ஒரே தடவையில் இட்டு முடிக்க முடியாது. அடுக்கடுக்காக இட வேண்டும். முதலில் அடியில் இடுவதற்குப் பட்டறையில் 'ரூட்' என்று பெயர். அதன்மேல் அடுத்தடுத்த அடுக்குகள் வந்து மூடிவிடும். கடைசி அடுக்குதான் வெளியே தெரியும். அதைத்தான் எல்லாரும் அழகு பார்ப்பார்கள்.

"ரூட்டு சரியில்லன்னா மேல எவ்வளவு அழகாப் போட்டாலும் எக்ஸ்ரே படத்துல காட்டிக் குடுத்துடும். அப்புறம் எல்லாத்தையும் நோண்டி எடுத்துட்டு மறுபடி முதல்லேருந்து போடணும். அவசரப்பட்டவனுக்கு ரெண்டு வேலை," என்றார்.

எனக்காகத்தான் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது 2008ஆம் ஆண்டு பிறந்திருந்தது. பெரிய கட்டடங்களுக்குக் குளிரூட்டும் 'சில்லர்' இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு அந்த ஆண்டு சேர்ந்தேன். முந்தைய வேலையைவிடச் சம்பளம் குறைவு. இயந்திர அறை வெக்கையாக இருக்கும், காதடைக்கும். ஆனாலும் இம்முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் கையேட்டைப் பார்த்து வேலை செய்தேன். மூன்றாம் ஆண்டில் எண்கள் பேசத் தொடங்கின. நீரின் வெப்பநிலைக்கும் குளிர்பொருளின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி மெல்ல மெல்லக் கூடினால், குழாய்களுக்குள் படிவு சேர்கிறது என்று பொருள். மின்கட்டணம் ஏறிய பிறகு கண்டுபிடிப்பவன் சாதாரணப் பணியாளன். ஏறுவதற்கு முன்பே கண்டுபிடிப்பவனைத்தான் கட்டட உரிமையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஐந்தாம் ஆண்டில் தாங்கியின் ஓசையிலேயே அதன் வயதை ஓரளவு கணிக்கப் பழகினேன். இதை எந்த வகுப்பிலும் கற்றுத் தர முடியாது. ஒரே இடத்தில் பல மழைக்காலங்களையும் பல கோடைகளையும் பார்த்தவனுக்கே அது வரும்.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று நம் முன்னோர் சொன்னதை நாம் பள்ளிக் கட்டுரைகளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். வாழ்க்கையில் எத்தனை பேர் உழுதோம்?

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். "அண்ணா, நீங்கள் சொல்வது அந்தக் காலம். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இன்று கற்ற திறன் நாளை இருக்குமா? ஒரே வேலையில் ஆழமாக இறங்கினால் அந்தக் குழியே மூடிவிடாதா?" நியாயமான கேள்வி. ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் கைத்திறனும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. புதிய முறைகள் வந்தபோதெல்லாம் அவர் மீண்டும் தேர்வு எழுதினார். அரசாங்கம்கூட இதை உணர்ந்துதான் 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தைத் தொடங்கி, 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளி கொடுத்தது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்த்தது. கற்றல் பட்டமளிப்பு விழாவோடு முடிவதில்லை. ஆனால் புதிதாகக் கற்பதற்கும் ஓர் அடித்தளம் வேண்டும். இன்று கணினி எனக்கு அறிக்கை எழுதித் தருகிறது. அந்த அறிக்கை சரியா தவறா என்று சொல்வதற்கு, இயந்திர அறையில் வியர்வை சிந்திய அந்த ஐந்து ஆண்டுகள் தேவைப்படுகின்றன. ரூட் இருப்பவன்மேல் புதிய அடுக்கு ஒட்டும்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். தமிழர்களாகிய நாம் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுகிறோம். திருமணத்துக்கு எத்தனை பவுன் என்று மட்டும் கூச்சமின்றிப் பேசுவோம்.

என் அம்மாவுக்குச் சேமிப்பு என்றால் சிராங்கூன் சாலைதான். தீபாவளிக்குத் தீபாவளி சிறிது சிறிதாக நகை வாங்குவார். 1999இல் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது என் கணினிக்கும் முதல் ஆண்டுச் செலவுக்கும் அவருடைய இரண்டு வளையல்கள் அதே சாலைக்குத் திரும்பிப் போயின. அதை நினைக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். சேமிப்பு என்பது பெட்டியில் பூட்டி வைத்திருப்பது மட்டுமன்று. வேண்டிய நேரத்தில் கைக்கு வர வேண்டும், உரிய காரியத்துக்குப் போக வேண்டும். அம்மாவின் வளையல்கள் என் படிப்பாக மாறின. அவர் அதை இழப்பாகக் கருதியதே இல்லை.

அப்பாவின் சேமிப்போ மத்திய சேம நிதி. 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அப்போது தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினார்கள். இன்று 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொழிலாளி 20, முதலாளி 17 என மொத்தம் 37 விழுக்காடு. "என் பணத்தை ஏன் பிடித்து வைக்கிறார்கள்?" என்று இளையர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். நானும் முணுமுணுத்தவன்தான். ஆகவே ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

சிறப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 4 விழுக்காடு என்றால் 18 ஆண்டுகள். 25 வயதில் தொடங்கி மாதம் 200 வெள்ளி வீதம் 40 ஆண்டுகளுக்கு 4 விழுக்காட்டில் போட்டால், நீங்கள் போடுவது 96,000 வெள்ளி. கிடைப்பது ஏறத்தாழ 236,000 வெள்ளி. பத்து ஆண்டுகள் தாமதித்து 35 வயதில் தொடங்கினால், போடுவது 72,000 வெள்ளி. கிடைப்பது ஏறத்தாழ 139,000 வெள்ளி. போடாமல் விட்டது 24,000 வெள்ளிதான். இழந்தது 97,000 வெள்ளி! அந்த முதல் பத்து ஆண்டுகள்தான் ரூட்.

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கடன்பற்று அட்டையின் நிலுவைக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி. 72ஐ 25ஆல் வகுத்தால் மூன்று ஆண்டுகூட இல்லை. கட்டாமல் விட்டால் அதற்குள் கடன் இரட்டிப்பாகும். பணத்தை வளர்க்கும் காலமேதான் கடனையும் வளர்க்கிறது. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

வீட்டையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கரைந்துவிட்டது. வீட்டு விலை எப்போதும் ஏறும் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தபோது, பழைய வீடுகள் எல்லாவற்றையும் அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம் என 2017 மார்ச் மாதம் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் திரு லாரன்ஸ் வோங் எச்சரித்தார். கேலாங் லோரோங் 3இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் தரைவீடுகள், 2020ஆம் ஆண்டின் கடைசி நாளில் குத்தகை முடிந்து இழப்பீடின்றி அரசாங்கத்திடம் திரும்பின. வீடு குடியிருக்க அவசியம், அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு பக்கம் தேய்ந்துகொண்டிருக்கும் சொத்து என்பதை மறந்து, எல்லாக் காசையும் அதன் சுவருக்குள் வைப்பது நீண்டகால நோக்கு ஆகாது.

இவ்வளவு கணக்குச் சொல்கிறவன் தானும் அப்படி நடந்தானா என்று கேட்பீர்கள். இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் பொருளில்லை.

2005இல் அப்பாவுக்கு 55 வயதானபோது சேம நிதியிலிருந்து ஒரு தொகை எடுத்தார். அதில் 20,000 வெள்ளியை எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கில் போட்டு, "பாத்துக்க," என்று சேமிப்புப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். 2007இல் அலுவலகத்தில் எல்லாரும் பங்குகளைப் பற்றியே பேசினார்கள். நண்பர் ஒருவர் சொன்ன மூன்று நிறுவனங்களில், அவை என்ன தொழில் செய்கின்றன என்றுகூட அறியாமல், அப்பாவின் பணம் முழுவதையும் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. அந்த அக்டோபரில் நம் பங்குச் சந்தைக் குறியீடு 3,800ஐத் தாண்டி நின்றது. 2009 மார்ச்சில் 1,500க்கும் கீழே விழுந்தது. அந்த மார்ச் மாதத்தில்தான், இரவில் தூக்கம் வராமல், எல்லாவற்றையும் விற்றேன். 8,000 வெள்ளிக்கும் குறைவாகவே திரும்பி வந்தது.

"விற்காமல் வைத்திருந்திருக்கலாமே!" என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. 2007இன் உச்சத்தை நம் குறியீடு மீண்டும் தாண்டுவதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஆண்டுதோறும் ஈவுத்தொகை கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உச்சியில் ஏறி, மொத்தத்தையும் ஒரே நாளில் போட்டுவிட்டு, காலம் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருப்பது பொறுமையின் பெயரில் செய்யும் சூதாட்டம். மாதந்தோறும் சிறிது சிறிதாக, புரிந்த இடத்தில் போட்டு வந்தவர்கள் விலை சரிந்த ஆண்டுகளிலும் வாங்கினார்கள். சந்தையின் மீட்சி அவர்களுக்கு முன்னதாகவே வந்தது. நான் நம்பியது காலத்தையல்ல, என் அதிர்ஷ்டத்தை.

இவ்விடத்தில் நம் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடி முன் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1859இல் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்கள் அவர்கள். சிறுவயதிலேயே பிள்ளைகளைக் கடையில் சேர்த்து, கணக்கு எழுதப் பழக்கி, பிறகே பொறுப்புக் கொடுத்து வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். நீண்டகால நோக்கில் அவர்களுக்கு இணையானவர்கள் அரிது. அப்படிப்பட்டவர்களுக்கே பர்மாவில் என்ன நேர்ந்தது? 1930களின் பொருளியல் மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியாமல் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் அவர்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. பணமாகச் சுழல வேண்டிய செல்வம், வேற்று மண்ணில் நிலமாக உறைந்து போனது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் மனக்கசப்பும் அதோடு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948இல் பர்மா விடுதலை அடைந்தபின் நிலங்கள் நாட்டுடைமை. பெருஞ்செல்வம் போயே போய்விட்டது.

அதே சமூகத்தைச் சேர்ந்த ஏ.எம். முருகப்பச் செட்டியாரின் குடும்பம் 1900இல் பர்மாவின் மௌல்மீனில் தொழில் தொடங்கியது. போர் வருவதற்கு முன்பே, 1930களில், தன் முதலைத் தாயகத்துக்கு மாற்றிக்கொண்டது. 1949இல் சென்னையில் மிதிவண்டித் தொழிற்சாலை நிறுவியது. முருகப்பா குழுமம் இன்றும் இருக்கிறது. இரு சாராருக்கும் பொறுமை இருந்தது. ஆனால் காலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் தப்பினார்கள். திருவள்ளுவர் காலமறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்தது சும்மா இல்லை.

மீண்டும் என் கதைக்கு வருகிறேன். விற்ற பணத்தைக் கூட்டுக் கணக்கில் திரும்பப் போட்டேன். மீதியை மாதம் 200 வெள்ளியாக ஈடுகட்டத் தொடங்கினேன். அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2015 ஜூன் இறுதியில் குப்பாங் நிலையம் திறக்கப்பட்ட வார இறுதியில், "வா, போய் எறங்கிப் பாத்துட்டு வருவோம்," என்றார் அப்பா. ஒரே ஒரு நிலையம்தான் பயணம். புதிய நடைமேடையில் நின்றோம். சுற்றிலும் இன்னும் புல்வெளிதான் அதிகம். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டா. அப்பவே புத்தகத்தை மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன். மாசா மாசம் எரநூறு ஏறுறதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அடுத்த ரயில் எப்போது வரும் என்று கேட்டார்.

அன்று இரவு எனக்குப் புரிந்தது. என்னைவிட நீண்ட கணக்கு ஒன்றை அப்பா போட்டிருந்தார். 20,000 வெள்ளியைக் கேட்டு என்னைக் கூனிக்குறுகச் செய்திருக்க முடியும். அவர் பிள்ளையை வைத்துக்கொண்டார். பணம் 2016இல் முழுமையாக ஈடானது. அந்தக் கணக்கில் இன்றும் மாதம் 200 வெள்ளி ஏறுகிறது; நிறுத்த மனம் வரவில்லை.

எல்லாருக்கும் இந்த அறிவுரை பொருந்துமா என்றால், ஒரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிந்ததும் துணைப்பாடம் நடத்தி வீட்டு மின்கட்டணம் கட்டும் மாணவர்கள் நம் பேரவையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 40 ஆண்டுக் கணக்குப் பேசுவது நியாயமில்லை. எதிர்காலத்தின் பெயரால் இன்றைய தேவையைப் பட்டினி போடக் கூடாது. எங்கள் பக்கத்து ஊரான புவாங்கோக்கின் கதை இதற்குச் சான்று. வடகிழக்குப் பாதை 2003இல் திறக்கப்பட்டபோது புவாங்கோக் நிலையமும் கட்டி முடிந்திருந்தது. போதிய பயணிகள் இல்லையென்று அதைத் திறக்கவில்லை. ஆனால் அங்கே மக்கள் குடியிருந்தார்கள். 2005இல் அட்டையில் செய்த வெள்ளை யானைகளைச் சாலையோரம் நிறுத்தித் தங்கள் மனக்குறையைக் காட்டினார்கள். 2006 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. ஆளில்லாத குப்பாங்கில் காத்திருந்தது சரி. ஆள் இருக்கும் புவாங்கோக்கில் அந்தக் காத்திருப்பு மக்களுக்குச் சுமை. குடும்பத்துக்கும் அப்படித்தான். அம்மாவின் மருந்துச் செலவு புவாங்கோக். அதை முதலில் திறந்துவிடுங்கள். உங்கள் அறுபதாம் வயது குப்பாங். அதற்குத் தூண் மட்டும் இப்போதே நட்டு வையுங்கள். பத்து வெள்ளியாக இருந்தாலும் சரி.

இறுதியாக ஒன்று. 1950களில், அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை உருவானபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். பணம் கொடுத்தவர்களில் பலர் சாதாரணத் தொழிலாளர்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தப் பணத்துக்கு அவர்களுக்கு வட்டியும் வராது, முதலும் வராது. ஆனாலும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் பெற்ற இடத்துக்குப் பின்னால் அவர்களுடைய வியர்வை இருக்கிறது. அவர்கள் கட்டிய நிலையத்தில் இறங்கி நடப்பவர்கள் நாம்தான்.

ஆகவே, இளையோரே, பட்டம் பெற்றதும் மூன்றைச் செய்யுங்கள். ஏதாவது ஒரு தொழிலில் ஐந்து ஆண்டுகளாவது ஆழ இறங்குங்கள். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே, சிறிதாயினும், தவறாமல் ஒரு தொகையை எடுத்து வையுங்கள். புரியாத இடத்தில் அதைப் போடாதீர்கள். பிறர் பணத்திலோ நம்பிக்கையிலோ தவறு செய்துவிட்டால், என்னைப்போல் ஆறு ஆண்டுகள் காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீண்டகாலம் காத்திருக்கக் கூடாதது அது ஒன்றுதான்.

இப்போதும் காலையில் ரயில் குப்பாங்கில் நிற்கிறது. கதவு திறக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்து ஏறுகிறார்கள். உட்கார இடம் கிடைப்பதில்லை. நான் எழுந்து நின்றுகொள்கிறேன்.